லைக்குக்குக் கூலி, ஓட்டுக்குக் குத்தகை

(இளம் ஆய்வாளர்களும் மாணவர்களும் கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். நாலைந்து பேராகச் சேர்ந்து நடத்திவந்த அவர்களுடைய பக்கம் முடங்கிப்போயிருந்தது. ஓர் ஆணவக்கொலையைப் பற்றி எழுதியதற்கு எதிர்த்தரப்பு கூட்டமாகச் சேர்ந்து புகார் அடித்திருக்கிறது. மூன்று வருட உழைப்பு ஒரே இரவில் காணாமல் போய்விட்டது. "அக்கா, இனிமே இவனுங்க தயவுல இருக்க வேணாம். பிளாக்செயின்ல சோசியல் மீடியா இருக்காம். ஒருத்தனும் அழிக்க முடியாதாம். லைக் விழுந்தா காசும் வருமாம். நம்ம பசங்க எல்லாரையும் கூட்டிட்டு அங்க போயிடலாமா?" என்று கேட்டார். போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு நான் பேசப்போவது அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். கொஞ்சம் நீளும்.

முதலில், தம்பியின் கோபம் நியாயமானது. 2019 நவம்பரை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையாளரும் பேராசிரியருமான திலீப் மண்டலின் ட்விட்டர் கணக்கு கட்டுப்படுத்தப்பட்டது. நீல டிக் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, அதை முடிவு செய்யும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட இளைஞர்கள் ஹேஷ்டேக் போட்டுக் கேட்டார்கள். அதே நாட்களில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் கணக்கும் முடக்கப்பட, நிறையப் பேர் மாஸ்டடானில் கணக்கு தொடங்கினார்கள். நானும் தொடங்கினேன். என் பேச்சுத் துணை எல்லாம் பழைய இடத்திலேயே இருந்ததால் இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டேன். மாஸ்டடானில் பிளாக்செயினும் கிடையாது, டோக்கனும் கிடையாது. பல சர்வர்கள் தனித்தனியாக இயங்கி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. தம்பி கேட்டது வேறு ஒன்று. காசும் ஓட்டும் ஒன்றாகக் கலந்த ஏற்பாடு. அதன் கதையைச் சொல்ல ஸ்டீமிட்டைத்தான் சொல்ல வேண்டும்.

2016இல் அமெரிக்காவில் நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் தொடங்கியது ஸ்டீமிட். ஃபேஸ்புக்கில் நாம் எழுதுகிறோம், நாம் லைக் போடுகிறோம், பணம் மட்டும் கம்பெனிக்குப் போகிறது. அந்தப் பணத்தை எழுதுகிறவருக்கும் லைக் போடுகிறவருக்கும் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஸ்டீம் என்ற பிளாக்செயின் புதிது புதிதாக நாணயங்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பகுதி, பொதுத் தொட்டி மாதிரி ஓரிடத்தில் சேரும். எந்தப் பதிவுக்கு ஓட்டு விழுகிறதோ அதற்குத் தொட்டியிலிருந்து பங்கு. 2016 ஜூலை 4ஆம் தேதி முதல் பட்டுவாடா நடந்தது. அமெரிக்க சுதந்திர தினம். தேதியை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்கள் ஓட்டுக்கு எவ்வளவு எடை என்பது நீங்கள் எவ்வளவு நாணயத்தை அங்கே பூட்டிவைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிறைய வைத்திருப்பவரைத் திமிங்கலம் என்பார்கள். அடுத்து டால்பின், அதற்குக் கீழே பொடிமீன். புதிதாக வருகிறவர் கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். இவை நான் வைத்த பெயர்கள் இல்லை, அங்கே புழங்கிய பெயர்களே இவைதான். ஒருவரை ஒருவர் "நான் இன்னும் பொடிமீன்தான்" என்று அறிமுகம் செய்துகொள்வார்கள். படிநிலைக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதில்லையே.

தொடக்கத்தில் கணக்கு இன்னும் மோசம். 2017 ஜூன் வரை ஓட்டின் எடையை வர்க்கப்படுத்திப் பார்த்தார்கள். உங்களிடம் 1 பங்கு, இன்னொருவரிடம் 10 பங்கு என்றால், நீங்கள் தனியாக ஓட்டுப் போட்ட பதிவைவிட அவர் தனியாக ஓட்டுப் போட்ட பதிவுக்கு 100 மடங்கு பணம். பிறகு இதை நேர்விகிதமாக மாற்றினார்கள். ஆனால் அந்தப் பங்கு முதலில் எங்கிருந்து வந்தது? 2016 மார்ச்சில் சங்கிலி தொடங்கியபோது நாணயங்களில் மிகப் பெரும்பகுதியைக் கம்பெனியே தோண்டி எடுத்துக்கொண்டது. முன்னாலேயே தெரிந்தவர்கள் கொஞ்சம் எடுத்தார்கள். எல்லோருக்கும் திறந்த கதவு என்று சொல்லி நம்மை உள்ளே அழைக்கும்போது நிலம் ஏற்கெனவே பட்டா போட்டு முடிந்திருந்தது.

சரி, மக்கள் பணத்துக்காக எழுதட்டுமே, அதில் என்ன தவறு? தவறில்லை. எழுத்துக்குக் கூலி கேட்பது உரிமை. பிரச்சினை, படிப்பவருக்கும் கூலி கொடுத்ததில் தொடங்கியது. அப்போது ஒரு பதிவின் வருமானத்தில் எழுதியவருக்கு 75 சதவீதம், ஓட்டுப் போட்டவர்களுக்கு 25 என்று இருந்தது. முந்திப் போட்டவருக்கு அதிகம். அதிலும் பதிவு வந்த முதல் அரை மணி நேரத்துக்குள் போட்டால் உங்கள் பங்கில் ஒரு பகுதி குறையும் என்று ஒரு விதி இருந்தது. ஆகவே இருபத்தெட்டாவது, இருபத்தொன்பதாவது நிமிடத்தில் போடுவதற்கு நிரல் எழுதினார்கள். எந்த எழுத்தாளருக்கு வழக்கமாக ஓட்டு விழும் என்று தெரிந்தால் போதும், மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். என்ன எழுதியிருக்கிறார் என்று திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து வந்தது குத்தகை. 2017இல் ஒருவர் தன் ஓட்டு எடையை இன்னொரு கணக்குக்கு இரவல் தரும் வசதி வந்தது. புதியவர்களுக்குக் கைகொடுக்கலாம் என்பது அதன் நல்ல பக்கம். நடைமுறையில், பங்கு வைத்திருந்தவர்கள் அதை 'பிட் பாட்' என்ற ஏல இயந்திரங்களுக்குக் கொடுத்துவிட்டு தினமும் வாடகை வாங்கினார்கள். நீங்கள் அந்த இயந்திரத்துக்குக் காசு அனுப்பி, உங்கள் பதிவின் இணைப்பைக் கொடுக்க வேண்டும். 2.4 மணி நேரத்துக்கு ஒருமுறை அது ஓட்டுப் போடும். அந்தச் சுற்றில் யார் எவ்வளவு கட்டினார்களோ அந்த விகிதத்தில் எடை. 'டிரெண்டிங்' பக்கத்தைத் திறந்தால் மேலே இருப்பவற்றில் பெரும்பாலானவை இப்படிக் காசு கட்டி ஏறியவை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டணத்தில் உட்கார்ந்து நெல் மூட்டையை எண்ணும் ஆளுக்கு, வயலில் என்ன விளைகிறது என்று என்ன கவலை?

2018 தொடக்கத்தில் ஸ்டீம் நாணயத்தின் விலை உச்சத்தில் இருந்தது. ஒரு பதிவர் நாணய விலைக் கணிப்பு என்று ஒரே நாளில் பல பதிவுகள் போடுவார். ஒரே ஒரு திமிங்கலம் ஒவ்வொன்றுக்கும் ஓட்டுப் போடும். பொதுத் தொட்டியிலிருந்து பெருந்தொகை அந்த ஒரு கணக்குக்குப் போனது. இன்னொரு திமிங்கலம் கோபப்பட்டு எதிர் ஓட்டுப் போட, சண்டை மாதக்கணக்கில் நடந்தது. பொடிமீன்கள் வேடிக்கை பார்த்தார்கள். யார் யாருக்கு, எந்த நிமிடத்தில், எவ்வளவு எடையில் ஓட்டுப் போட்டார்கள் என்பது முழுக்கச் சங்கிலியில் பதிவாகியிருக்கிறது. என்னைப் போன்ற ஆய்வு மாணவிக்கு அது புதையல். யூடியூபில் ஓர் இன்ஃப்ளூயன்சர் காசு கொடுத்துப் பார்வைகளை வாங்கினாரா என்று நம்மால் சந்தேகப்படத்தான் முடியும், இங்கே நிரூபித்தே காட்டலாம். காட்டவும் செய்தார்கள், அட்டவணை போட்டு. ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் யார் நிலம் யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், தெரிந்து என்ன ஆனது?

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நைஸ் போஸ்ட்", "என்னைத் தொடருங்கள், நானும் தொடர்கிறேன்" என்று ஒட்டிவிட்டுப் போகும் பின்னூட்டங்களைக் கிண்டல் செய்யும் பழக்கம் அப்போது உண்டு. நானும் செய்திருக்கிறேன். அந்த வருடங்களில் ஸ்டீமிட்டில் நிறைய வெனிசுவேலாக்காரர்கள் இருந்தார்கள். நைஜீரியா, இந்தோனேசியா, வங்கதேசத்திலிருந்தும் வந்தார்கள். வெனிசுவேலாவில் பணவீக்கம் சம்பளத்தையே தின்றுகொண்டிருந்த நேரம். வாரத்துக்கு நாலைந்து டாலர் வந்தால் வீட்டில் மளிகை வரும். அவர்களுடைய "நைஸ் போஸ்ட்" போலி, காசு கட்டி டிரெண்டிங்கில் ஏறியவர் கொள்கை விளக்கம் எழுதினால் அது அசல் என்று நான் இப்போது சொல்ல மாட்டேன். உண்மையான ஈடுபாடு எது என்று அளக்கிற ஆட்கள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

இனி என் கதை. தளத்தின் பெயர் வேண்டாம். இதே வகையான ஒன்று. 2018இல் எம்.ஃபில் படிக்கும்போது அதில் எழுதிக்கொண்டிருந்தேன். விடுதிச் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு பதிவு. முட்டை சாப்பிடுகிறவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதாத விதி ஒன்று எங்கள் விடுதியில் இருந்தது. அதைப் பற்றி எழுதினேன். வருமானம் மூன்று சென்ட். பரவாயில்லை, நாலு பேர் நீளமாகப் பதில் எழுதினார்கள். அதில் ஒரு கொரியப் பெண், தன் நாட்டுப் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. ஐந்தாவதாக ஒருவன் வந்தான். என் போட்டோ, விடுதியின் பெயர், அறை எண், அதற்குக் கீழே என் சாதியைச் சொல்லி நாலு வரி.

அழிக்க முடியாது. யாராலும். அழிக்க முடியாது என்பதுதானே அந்த இடத்தின் பெருமை? அதிகபட்சம் நிறைய எதிர் ஓட்டு விழுந்தால் திரையில் மறைக்கப்படும். நான் எதிர் ஓட்டுப் போட்டேன். என் ஓட்டின் எடை ஏறக்குறைய பூஜ்யம், அசையவே இல்லை. எழுதியவன் தன் ஓட்டையே தன் பின்னூட்டத்துக்குப் போட்டு மேலே ஏற்றிவைத்திருந்தான். நாலு நண்பர்களைக் கூப்பிட்டேன், அவர்களும் என்னைப் போல நுண்ணுயிர்கள். இரண்டு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெரிய கணக்குக்கு எழுதினேன். ஐயா, இப்படி இருக்கிறது, தயவு செய்து என்று கெஞ்சித்தான் எழுதினேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பின்னூட்டம் மறைந்தது. நல்ல மனிதர், இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும், பிறகும், எனக்கு நினைவில் வந்துகொண்டே இருந்தது என் தாத்தா பெரிய வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற கதை. அதிலிருந்து தப்பிக்கத்தானே படிக்க வந்தோம்? கம்பெனி நடத்தும் தளங்களில் புகார் கொடுத்தால் இயந்திரம் பதில் போடும், எரிச்சலாக இருக்கும். இங்கே ஒரு பெரிய மனிதரின் மனம் இரங்க வேண்டியிருந்தது.

மீண்டும் ஸ்டீமுக்கு வருகிறேன். 2018 நவம்பரில் நாணய விலை சரிந்து, கம்பெனி 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை அனுப்பியது. 2020 பிப்ரவரியில் டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் கம்பெனியை வாங்கினார். கம்பெனியோடு அந்தப் பழைய பங்கும் அவர் கைக்கு வந்தது, மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சங்கிலியை நடத்துகிறவர்களை அங்கே 'சாட்சிகள்' என்பார்கள். பங்கு வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு முதல் 20 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். புது முதலாளி அந்த ஓட்டைப் பயன்படுத்துவாரோ என்று பயந்த சாட்சிகள், மென்பொருளை மாற்றி அந்தப் பங்கை முடக்கினார்கள். மார்ச் 2ஆம் தேதி பதிலடி. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர்கள் தங்களிடம் போட்டுவைத்திருந்த ஸ்டீமை எடுத்துப் பூட்டி, அதைக் கொண்டு ஓட்டுப் போட்டன. முதல் இருபது இடமும் புதிய கணக்குகளுக்குப் போனது. வங்கியில் நீங்கள் போட்ட பணத்தைக் காட்டி வங்கி மேனேஜர் ஊராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். எதிர்ப்புக் கிளம்பியதும் பைனான்ஸும் ஹுவோபியும் ஓட்டைத் திரும்பப் பெற்றன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. அதே மார்ச் 20ஆம் தேதி, பதிவர்களும் நிரலாளர்களும் பழைய சாட்சிகளும் சேர்ந்து சங்கிலியை அப்படியே பிரதியெடுத்து, ஹைவ் என்ற பெயரில் தனியாகப் பிரிந்தார்கள். கம்பெனியின் பங்கு மட்டும் அங்கே கிடையாது. மென்பொருள் திறந்த மூலம் என்பதால் இது முடிந்தது. ஆனால் மென்பொருள் மட்டும் இருந்து ஆட்கள் வராமல் போயிருந்தால் ஹைவ் ஒரு காலி வீடு. பல வருடம் ஒருவருக்கொருவர் படித்து, சண்டை போட்டு, பதில் எழுதிய ஆட்கள் கூப்பிட்டதும் வந்தார்கள். ஏல இயந்திரம் வாங்கிக் கொடுத்த ரசிகர்கள் அப்படி வர மாட்டார்கள்.

புகழ்ந்துவிட்டு விட முடியாது. மற்ற பங்குகள் அனைத்தும் பழைய விகிதத்திலேயே ஹைவுக்கு வந்தன. திமிங்கலம் திமிங்கலமாகவே, பொடிமீன் பொடிமீனாகவே வந்தது. எதிர்த்தரப்புக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட சில கணக்குகளுக்குப் புதிய நாணயம் கொடுக்கவும் மறுத்தார்கள். ஸ்டீம் பக்கமோ, 2020 மே மாதம் மென்பொருளை மாற்றி, 64 கணக்குகளிலிருந்து 2 கோடியே 36 லட்சம் நாணயத்தைப் பறித்தது. அன்றைய விலையில் சுமார் 50 லட்சம் டாலர். யாராலும் தொட முடியாத சொத்து என்று சொல்லித்தான் அதை விற்றார்கள்.

ஸ்டீம் பழைய கதை, புதியவை மேல் என்பார்கள். 2023 ஆகஸ்டில் ஃபிரெண்ட்.டெக் வந்தது. அதில் பதிவுக்கு விலை இல்லை, ஆளுக்கே விலை. ஓர் இன்ஃப்ளூயன்சரோடு பேச அவருடைய 'சாவி'யை வாங்க வேண்டும். சாவி எண்ணிக்கையின் வர்க்கத்தை 16,000ஆல் வகுத்தால் வரும் ஈதர்தான் விலை. 10 சாவி வெளியே இருந்தால் 0.00625 ஈதர், 100 இருந்தால் 0.625. அதே வர்க்கக் கணக்கு. பத்து மடங்கு கூட்டத்துக்கு நூறு மடங்கு விலை. ஒவ்வொரு விற்பனையிலும் 5 சதவீதம் அந்த ஆளுக்கு, 5 சதவீதம் கம்பெனிக்கு. பேச வந்தவர் எவரும் பேச்சுக்காகக் காத்திருக்கவில்லை, தனக்குப் பின்னால் இன்னொருவர் வாங்க வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 2024 செப்டம்பரில் அதை உருவாக்கியவர்களே கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள்.

சொத்துக்கு ஏற்ற ஓட்டு என்பது ஏதோ எதிர்காலத் தொழில்நுட்பம் என்று பேசுகிறார்கள். நம் மண்ணில் அது 1919 சட்டம். நிலமோ வரியோ இருந்தால்தான் வாக்குரிமை. அந்த ஆண்டிலேயே சவுத்பரோ குழுவின் முன் போய் அம்பேத்கர் வாதாடியது, இந்தத் தகுதி தீண்டப்படாத மக்களை அடியோடு வெளியே தள்ளுகிறது என்பதற்காக. 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர் எச்சரித்தது, ஓட்டில் சமத்துவம் வந்தும் வாழ்க்கையில் வராமல் போகும் முரணைப் பற்றி. பிளாக்செயின்காரர்கள் அந்த முரணைச் சுலபமாகத் தீர்த்துவிட்டார்கள், ஓட்டிலிருந்தும் சமத்துவத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு மனிதருக்கு ஒரு ஓட்டு வைத்தால் ஒரே ஆள் ஆயிரம் போலிக் கணக்கு திறப்பானே என்று கேட்பார்கள். உண்மையான சிக்கல்தான், அதற்கு இன்னும் நல்ல விடை இல்லை. போலி வாக்காளரைத் தடுக்கப் பட்டாதாருக்கு மட்டும் ஓட்டு என்ற விடையை மட்டும் நம்மால் ஏற்க முடியாது.

தம்பிக்கு என்ன சொல்வது? நீங்கள் எழுதியவற்றைப் பாதுகாக்க அங்கே ஒரு பிரதி போடலாம், போடுங்கள். ஆனால் சங்கிலியில் நிற்பது எழுத்து மட்டும்தான். படமும் காணொளியும் பெரும்பாலும் வேறு யாரோ நடத்தும் சர்வரில் இருக்கும், அது நின்றால் போய்விடும். எனவே ஹார்ட் டிஸ்கில் இரண்டு பிரதி, வேறு வேறு ஊரில். சாவியை ஒருவரிடம் மட்டும் வைக்காதீர்கள், தொலைந்தால் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பெயர், ஊர், பெண்களின் படம் எதையும் அங்கே ஏற்றாதீர்கள். நாளைக்கு அந்தப் பெண்ணே எடுத்துவிடுங்கள் என்று கேட்டாலும் உங்களால் எடுக்க முடியாது. திருத்தினாலும் பழைய வடிவம் உள்ளேயே கிடக்கும். காசை நம்பி யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஸ்டீமிட்டில் ஒரு பதிவு சம்பாதிப்பது முதல் 7 நாள்தான், நீங்கள் எழுதுவதையோ ஒரு வழக்கு விசாரணைக்கு வரும்போது நாலு வருடம் கழித்துத் தேடிப் படிக்கிறார்கள். முடங்கிய பக்கத்தில் உங்களுக்கு நீளமாகப் பதில் எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருபது பேர் இருந்தால் போதும், அவர்களைக் கூப்பிடுங்கள்.

இந்தப் பேச்சுக்காகப் போன வாரம் என் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். கொரியப் பெண்ணின் பதில் இருக்கிறது. அந்த நாலு வரியும் மறைப்புக்குப் பின்னால் இருக்கிறது, 'காட்டு' என்று ஒரு பொத்தானோடு. அழுத்தவில்லை. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசலாம்.